காய்க்கும் உறை ஊற்றலாமா?

தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, காய்களைப் புளிக்க வைக்கவும் உறை ஊற்ற வேண்டுமா? ஊற்றலாம் என்றால் எதை ஊற்றுவது? முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி என்று வீட்டிலேயே உப்புநீரில் புளிக்க வைக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஒரு ஜாடியைக் கொட்டிவிட்டு வந்தவர்கள். ஒருவர் தயிரை வடிகட்டிய தண்ணீரை ஊற்றியிருப்பார். இன்னொருவர் மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைக் குப்பியை உடைத்துப் போட்டிருப்பார். மூன்றாமவர் ஒன்றும் போடாமல், உப்பையும் கைக்கு வந்தபடி போட்டிருப்பார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஜாடிக்கு உறை வேண்டாம். உப்பை நிறுத்துப் போட்டு, காயைத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால், முட்டைக்கோஸ் தன் உறையைத் தானே கொண்டுவரும். உறை நிஜமாகவே தேவைப்படும் இடங்கள் சில உண்டு. அங்கே எந்த உறை, எவ்வளவு என்று தெரிந்து போட வேண்டும்.

பால் வேறு, காய் வேறு

பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறோம். காய்ச்சிய பால் காலி செய்த வீடு மாதிரி. நல்லது கெட்டது எல்லாம் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். அதில் நாம் விடும் ஒரு கரண்டி மோர்தான் குடியேறும். உறை ஊற்றாவிட்டால் தயிர் ஆகாது, கெட்டுத்தான் போகும்.

பச்சைக் காய் அப்படியில்லை. அது நெரிசலான சந்தை. ஒரு கிராம் முட்டைக்கோஸில் லட்சக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கலாம். அவற்றில் நமக்கு வேண்டிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரைதான். சிறுபான்மையிலும் சிறுபான்மை. ஆனாலும் உப்பு போட்டு, காற்றை அடைத்துவிட்டால் ஆட்டம் மாறிவிடும். உப்பைத் தாங்காதவையும் காற்று இல்லாமல் வாழாதவையும் பின்வாங்கும். இரண்டையும் தாங்கும் லாக்டிக் கூட்டம் மேலே வரும். அது உண்டாக்கும் அமிலம் மற்றவற்றை அடியோடு ஒடுக்கும்.

இதில் ஒரு வரிசை முறை இருக்கிறது. முதலில் எழுவது லூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ். கொஞ்சம் அமிலம், நிறையக் கரியமில வாயு என்று வேலையைத் தொடங்கும். ஜாடியில் முதல் ஓரிரு நாள் பொங்கும் குமிழிகள் பெரும்பாலும் இதன் கைவேலை. அந்த வாயு இலைகளுக்கிடையே சிக்கிய காற்றை வெளியே தள்ளிவிடும். அமிலம் ஏறியதும் இது தளர்ந்து, லாக்டோபேசில்லஸ் பிரெவிஸ் போன்றவை மேலெழும். கடைசியில் புளிப்பை முடித்துக் கொடுப்பது பிளாண்டேரம். அமிலத்தை நன்றாகத் தாங்கும் முரட்டுப் பிள்ளை அது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டேரம் என்று நீண்டகாலம் அழைக்கப்பட்டதை 2020-ல் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டேரம் என்று பெயர் மாற்றினார்கள். பாக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஆள் ஒன்றுதான்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜெனிவா என்ற ஊரில் உள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில், முட்டைக்கோஸ் புளிப்பான சார்க்ராட்டைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் கார்ல் பெடர்சன். 1965-ல் அவரும் அவருடைய சகா ஆல்பரியும் முகர்ஜி, ஸ்டெய்ன்க்ராஸ் முதலியோருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பொருள், நம் இட்லி மாவு. மாவை உப்ப வைப்பது யார் என்று பார்த்தால், அதே லூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ்! அரிசியும் உளுந்தும் கொண்டுவந்த கிருமி அது. இட்லி மாவுக்கு யாரும் பாக்கெட் வாங்குவதில்லை. மார்கழிக் குளிரில் மட்டும் பழைய மாவு ஒரு கரண்டி கலந்து வைப்பார்கள் சிலர். உறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தக் கரண்டியில் இருக்கிறது: இயல்பாக நடக்கிற வேலை தாமதப்படும்போது கொடுக்கும் கைத்தாங்கல்.

உறை வாங்கித் தருவது எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு கிராம் காயில் இயல்பாக ஆயிரம் லாக்டிக் பாக்டீரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறை போடுகிறவர்கள் பொதுவாகக் கிராமுக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை இருக்கும்படி போடுவார்கள். ஆயிரம் பத்து லட்சமாக வேண்டுமென்றால் பத்து முறை இரட்டித்தால் போதும். இதமான சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் உயிர்கள் இவை. ஆக, உறை நமக்கு வாங்கித் தருவது ஏறத்தாழ அரை நாளோ, முக்கால் நாளோ முன்னிலை. அவ்வளவுதான்.

அந்த அரை நாளை லேசாகவும் நினைக்க வேண்டாம். புளிப்பு ஏறாத முதல் நாள்தான் ஜாடியின் பலவீனமான நேரம். உப்புக் குறைவாகப் போட்டவர்களுக்கும், வேக வைத்த காயைப் புளிக்க வைப்பவர்களுக்கும், விற்பனைக்குச் செய்பவர்களுக்கும் அந்த முன்னிலை பெரிய பாதுகாப்பு. உப்பைச் சரியாக நிறுத்துப் பச்சைக் காயில் போடும் வீட்டுக்காரருக்கு அது இல்லாமலும் காரியம் நடக்கும்.

நான்கு வகை உறைகள்

*ஒன்று: பழைய ஜாடியின் உப்புநீர்.* வீட்டுக்கு ஏற்றது இதுதான், காசும் இல்லை. நன்றாகப் புளித்துக்கொண்டிருக்கும் ஜாடியின் நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி பாக்டீரியா இருப்பது சாதாரணம். ஒரு கிலோ காய்க்கு 20 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டியும் கொஞ்சமும் விட்டால், கிராமுக்கு இருபது லட்சம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதக்கணக்கில் ஃபிரிட்ஜில் கிடந்த நீரில் அமிலத்தைத் தாங்கும் பிளாண்டேரம் வகைகள்தான் மிஞ்சியிருக்கும். அவற்றிலும் பல செத்திருக்கும். அதை விட்டால் லூகோனோஸ்டாக்கின் முதல் கட்டம் தாண்டிப் போய்விடும். புளிப்பு சீக்கிரம் ஏறும். ஆனால் மெல்லிய மணமும் நாக்கில் சுறுசுறுக்கும் வாயுவும் குறையும், காய் சற்று மெத்தெனலாம். முழு வரிசையும் வேண்டுமென்றால், பொங்கிக்கொண்டிருக்கும் இளம் ஜாடியிலிருந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் எடுங்கள்.

பழைய நீரையே முறையாக வளர்த்துக் கலையாக்கியவர்கள் சீனாவின் சிச்சுவான் மக்கள். பாவ்சாய் என்னும் அவர்களுடைய ஊறல் ஜாடியின் வாயைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி மூடியைக் கவிழ்த்தால் உள்ளிருக்கும் வாயு வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. அந்த நீரை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி, காய் தீர்ந்தால் புதுக் காய், உப்புக் குறைந்தால் கொஞ்சம் உப்பு என்று ஓட்டுவார்கள். முள்ளங்கித் துண்டை ஒரு நாள் மட்டும் நனைத்து எடுத்துச் சாப்பிடுவதும் உண்டு. அங்கே வேண்டியதே உடனடிப் புளிப்பு. அதனால் பழைய நீர் பொருந்துகிறது.

*இரண்டு: தயிர் வடித்த தண்ணீர்.* பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். தயிரில் இருப்பவை பாலுக்குப் பழகிய கூட்டம். பால் சர்க்கரையைத் தின்று வளர்ந்தவை, உப்பு அவ்வளவாகப் பிடிக்காதவை. காய் சர்க்கரையில் சில வேலை செய்யும். பல சோம்பிக் கிடக்கும். கடைசியில் ஜாடியைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் காயின் சொந்தக் கூட்டம்தான். வடிநீரில் உள்ள அமிலம் தொடக்கத்தில் சற்றுக் கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் பால் ஒவ்வாதவர்களுக்கு அந்த ஜாடி உதவாது, காயில் தயிர் வாடையும் தங்கும். மோர் மிளகாயில் மோர் பொருந்துகிறதே என்றால், அங்கே அடுத்த வேலை வெயில்; நாள் முழுக்கக் காய்ந்து ஈரம் போய்விடுகிறது. இங்கே காய் வாரக்கணக்கில் நீருக்குள்ளேயே இருக்கப்போகிறது.

*மூன்று: மருந்துக் கடை மாத்திரை, குப்பி.* வாங்குமுன் பெயரைப் படியுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சிறு குப்பிகள் பலவற்றில் இருப்பது பேசில்லஸ் கிளாசி என்ற வித்து பாக்டீரியா. காயைப் புளிக்க வைக்கும் வேலைக்கு அது ஆள் இல்லை. சாக்கரோமைசிஸ் புலார்டி என்று போட்டிருந்தால் அது ஈஸ்ட். பிஃபிடோபாக்டீரியம் புளிப்பு ஏறினால் வளராது. பட்டியலில் பிளாண்டேரம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். 100 கோடி என்று அச்சிட்ட ஒரு காப்ஸ்யூல் ஒரு கிலோ காய்க்குக் கிராமுக்குப் பத்து லட்சம் தரும், அளவு போதும். ஆனால் கடையின் வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தால் அச்சிட்ட எண்ணிக்கை காகிதத்தில்தான் இருக்கும்.

*நான்கு: காய்களுக்கென்றே விற்கும் உறைப் பொடி.* உறையவைத்து உலர்த்திய பாக்டீரியா. அளவு பாக்கெட்டில் இருக்கும். அதை மீற வேண்டாம். கூடுதலாகப் போட்டால் புளிப்பு முந்திக்கொண்டு, சுவை தட்டையாகும். கொதிக்க வைத்து ஆற வைத்த நீர் ஒரு கரண்டியில் கரைத்து, உப்புப் போட்டுப் பிசைந்த காயில் சீராகக் கலக்குங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால், காசு கொடுத்து வாங்கியதை நாமே கொல்வதாகும். கொரியாவில் கிம்ச்சித் தொழிற்சாலைகள் லூகோனோஸ்டாக் உறையைப் பயன்படுத்துகின்றன. கிம்ச்சி அளவுக்கு மீறிப் புளிக்காமல், சுறுசுறுவென்றும் லேசான இனிப்போடும் இருக்க வேண்டும் என்பது அங்கே நோக்கம். வெள்ளரி ஊறுகாய் செய்யும் ஆலைகளின் கவலை வேறு. வாயு அதிகமானால் காய் உள்ளே பொள்ளலாகிவிடும். அதனால் அமெரிக்காவில் 1970-களில் ஆய்வாளர்கள் உப்புநீரை முதலில் கொஞ்சம் அமிலமாக்கி, நைட்ரஜன் வாயுவை ஓட்டிக் கரியமில வாயுவை வெளியேற்றி, பிளாண்டேரம் உறை போடும் முறையை வகுத்தார்கள். ஒரே காய் ஊறல்தான். ஆனால் என்ன வேண்டும் என்பதைப் பொறுத்து உறை மாறுகிறது.

எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

வேக வைத்த பீட்ரூட், ஆவியில் வாட்டிய காய், காய்ச்சி ஆற வைத்த காய்ச்சாறு ஆகியவற்றுக்கு உறை கட்டாயம். சூட்டில் சொந்தக் கூட்டம் போய்விட்டது. இப்போது அது காய்ச்சிய பாலுக்குச் சமம். மிளகாய் விழுதுக்கும், பூண்டு மிகுந்த கலவைக்கும் பழைய உப்புநீர் ஒரு கரண்டி நல்லது. பூண்டே கிருமிகளை அடக்கும் குணமுள்ளது, தொடக்கம் மந்தமாக இருக்கும். பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பதற வேண்டாம். அமிலம் பட்டால் அது அப்படித்தான். மருத்துவர் சொல்லி உப்பைக் குறைத்துச் செய்கிறவர்களும், ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வேண்டும் என்று விற்பனைக்குச் செய்கிறவர்களும் உறை போடட்டும்.

பச்சையான, புதிய முட்டைக்கோஸ், முள்ளங்கி, கேரட், வெள்ளரிக்கு வேண்டாம். மிக முக்கியமாக, அழுகத் தொடங்கிய காயைக் காப்பாற்ற உறை உதவாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஒரு கிலோவுக்கு ஒரு முறை

ஊட்டியிலிருந்து வரும் முட்டைக்கோஸ் 800 கிராம், கேரட் 200 கிராம், உப்பு 25 கிராம். குளிர் நாடுகளில் சார்க்ராட்டுக்கு 2 முதல் 2.5 சதவீதம் உப்பு போடுவார்கள். நம் வெக்கைக்கு 2.5 சதவீதம் பாதுகாப்பு. இதை டிஜிட்டல் தராசில் நிறுக்க வேண்டும். கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை. பாதி ஜாடிகள் கெடுவது இந்தக் கரண்டியால்தான். அயோடின் உப்பாலும் புளிக்கும். தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் நீரைக் கலங்கலாக்கலாம், அவ்வளவுதான்.

முட்டைக்கோஸின் வெளி இலை ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றதைச் சாதாரண நீரில் ஒருமுறை அலசினால் போதும். வினிகரிலோ, காய் கழுவும் மருந்திலோ ஊற வைக்காதீர்கள். நமக்கு வேண்டிய கூட்டமும் அந்த இலையில்தான் இருக்கிறது. பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுக் கையால் அழுத்திப் பிசையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு இலைகள் பளபளக்கும், கை ஈரமாகும். பத்து நிமிடத்தில் கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டும். உறை போடுவதாக இருந்தால் இப்போதுதான்.

வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கை முட்டியால் அமுக்குங்கள். மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். எடுத்து வைத்த இலையை மடித்து மேலே மூடி, அதன்மேல் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கனத்துக்கு வையுங்கள். காய் முழுவதும் நீருக்குக் கீழே இருக்க வேண்டும். நீர் போதாவிட்டால், ஆற வைத்த நீர் கால் லிட்டரில் 6 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். வெள்ளரியை முழுதாகப் போடுகிறவர்கள் 4 முதல் 5 சதவீத உப்புநீரில் போடுங்கள். பூ விழுந்த முனையைச் சிறிது சீவிவிடுங்கள். காயைக் கொழகொழவென்று ஆக்கும் நொதி அந்த முனையில் இருக்கிறது.

மூடியை இறுக்கி வைத்தால், முதல் மூன்று நாள் தினமும் ஒருமுறை தளர்த்தி வாயுவை விடுங்கள். பீட்ரூட் ஜாடியை மறந்து இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்து திறந்தவன் நான். சமையலறைச் சுவரில் அந்தச் சிவப்பு அடுத்த வெள்ளையடிப்பு வரை இருந்தது.

நம் வெக்கையில் என்ன ஆகும்?

சார்க்ராட்டின் முறையெல்லாம் 18 டிகிரிக்கு எழுதப்பட்டது. அங்கே மூன்று நான்கு வாரம் நிதானமாகப் புளிக்கும். நம் ஊரில் 30 டிகிரி என்பது சாதாரண நாள். லூகோனோஸ்டாக்குக்கு இது அவசரச் சூழல். ஓரிரு நாளில் அது ஒதுங்கிவிடும், வெக்கையை விரும்பும் பிளாண்டேரம் மேடையைப் பிடித்துக்கொள்ளும். நாளாக ஆகக் காய் மெத்தெனும். இட்லிக்குக் குளிரில் உறை தேவை. காய்க்கோ குளிர்தான் நண்பன்.

எனவே மூன்று யோசனைகள். முதலாவது, சிறு ஜாடியாகப் போடுங்கள். பத்து நாளில் தீர்ந்துவிடட்டும். இரண்டாவது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல ஜாடியையும் குளிர வையுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி ஜாடியை நிறுத்தி, ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் முனை தண்ணீரில் தொங்கும்படி விட்டால் சில டிகிரி குறையும். மதுரை, திருச்சி போன்ற வறண்ட வெக்கையில் நன்றாக வேலை செய்யும். கடற்கரைப் புழுக்கத்தில் பலன் குறைவு. மூன்றாவது, இரண்டு நாள் வெளியே, குமிழி நன்றாக வந்ததும் ஃபிரிட்ஜ். அங்கே இரண்டு மூன்று வாரம் மெல்லப் புளிக்கட்டும். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வழி. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

30 டிகிரியில் வெளியே வைத்தால் பொதுவாக இப்படிப் போகும். முதல் நாள், முட்டைக்கோஸின் பச்சை வாடை தூக்கலாக இருக்கும். இரண்டாம் நாள் நீர் கலங்கி, கிண்ணத்தின் ஓரத்தில் குமிழிகள் வரிசை கட்டும். கரண்டியால் அமுக்கினால் நுரைத்துக்கொண்டு வரும். மூன்றாம் நான்காம் நாள் குமிழி குறையும், பச்சை நிறம் வைக்கோல் நிறமாகும், மூக்கில் சுத்தமான புளிப்பு வரும். ஐந்தாம் நாளிலிருந்து ருசி பார்த்துப் பிடித்த இடத்தில் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

கண்ணையும் மூக்கையும் தவிர ஒரு சாட்சி வேண்டுமென்றால், பி.எச். தாள் வாங்கி வையுங்கள். 4.6 என்பது எல்லைக் கோடு; அதற்குக் கீழே பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. நல்ல ஜாடி 4-க்கும் கீழே இறங்கும், முடிவில் 3.5-ஐ ஒட்டி நிற்கும். ஐந்தாம் நாளும் 4.6-க்குக் கீழே வராத ஜாடியை ருசி பார்க்காமலே கொட்டிவிடுங்கள். ஐந்து நாளாவது பொறுங்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொடக்க நாட்களில் சில பாக்டீரியாக்கள் காயில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். புளிப்பு ஏற ஏற அது குறைந்துவிடும்.

ஜாடி சொல்லும் குறிகள்

மேலே சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம்: ஈஸ்ட். தீங்கில்லை, வழித்தெடுத்துவிட்டு, காயை மறுபடி நீருக்குள் அமுக்குங்கள். விட்டு வைத்தால் அது அமிலத்தைத் தின்றுவிடும்.

பஞ்சு போன்ற பூஞ்சை, பச்சை, கறுப்பு, ஆரஞ்சு எந்த நிறமானாலும்: மொத்தமும் குப்பைக்கு. மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

காய் இளஞ்சிவப்பாவது: உப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்ததால் வரும் ஈஸ்ட் வேலை. கொட்டிவிட்டு, அடுத்த முறை நன்றாகப் பிசையுங்கள்.

மெத்தென்ற காய்: சூடு அதிகம், அல்லது உப்புக் குறைவு. திராட்சை இலை ஒன்று போட்டால் மொறுமொறுப்பு கொஞ்சம் நிற்கும்.

அழுகல் நாற்றம்: புளிப்பு வாடைக்கும் அழுகலுக்கும் வித்தியாசம் மூக்குக்குத் தெரியும். சந்தேகம் வந்தாலே கொட்டலாம். ஒரு முட்டைக்கோஸின் விலை என்ன!

யார், எவ்வளவு?

இரண்டரை சதவீத உப்பு என்றால், 100 கிராம் ஊறலில் இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே தயிர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு கரண்டி போதும். கிண்ணம் நிறைய வேண்டாம். இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும், எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மனநல மருந்து எடுப்பவர்களும் தாங்களாகத் தொடங்க வேண்டாம். புளித்த உணவில் உள்ள டைரமின் அந்த மருந்தோடு மோதும். சிலருக்கு ஒற்றைத் தலைவலியும் கிளம்பும்.

உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு, நான் அளந்துதான் பேசுவேன். புரோபயாட்டிக் என்ற சொல்லுக்குப் பொருள், போதிய அளவில் உயிரோடு உட்கொண்டால் நன்மை தருவது நிரூபிக்கப்பட்ட நுண்ணுயிர். நம் வீட்டு ஜாடியில் எது, எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ருசிக்காகச் செய்யுங்கள்; சூடாக்காமல் சாப்பிடுங்கள். மற்றது கூடுதல் வரவு.

இரண்டு ஜாடி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதம், கேரட் குச்சிகளை உப்புநீரில் போட்டுத் தயிர் வடிநீர் இரண்டு கரண்டி ஊற்றினேன். மூன்றாம் நாள் திறந்தால், நீர் கற்றாழைச் சாறு மாதிரி நூல் நூலாக இழுத்தது. கொட்டினேன். பார்த்தவர்களிடமெல்லாம் "வடிநீர் ஊற்றாதீர்கள், கொழகொழத்துவிடும்" என்று உபதேசமும் செய்தேன்.

அடுத்த கோடையில் உறை எதுவும் போடாமல் ஒரு கேரட் ஜாடி வைத்தேன். அதுவும் அப்படியே நூலிழுத்தது! அப்போதுதான் விஷயம் புரிந்தது. கேரட்டிலும் பீட்ரூட்டிலும் சுக்ரோஸ் என்னும் நாம் காபிக்குப் போடும் அதே சர்க்கரை இருக்கிறது. வெக்கையில் வேகமாகப் பெருகும் லூகோனோஸ்டாக், அந்தச் சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை நெய்துவிடும். வடிநீர்மேல் நான் போட்டது வீண்பழி. இரண்டாம் ஜாடியைக் கொட்டாமல் ஃபிரிட்ஜில் விட்டேன். பத்து நாளில் பிசின் கரைந்து, நீர் தண்ணீராகி, கேரட் மொறுமொறுவென்று இருந்தது.

அன்றிலிருந்து எந்த உறையைச் சோதித்தாலும் இரண்டு ஜாடி வைக்கிறேன். ஒரே முட்டைக்கோஸை நறுக்கி, ஒரே உப்பில் பிசைந்து, பாதியாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் உறை. இரண்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில். மூடியில் தேதி, காயின் எடை, உப்பின் எடை. தினமும் காலையில் பி.எச். தாள் ஒன்று, நோட்டில் ஒரு வரி. ஏழாம் நாள், எது எது என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை ருசி பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தண்ணீர், உங்கள் உப்பு, உங்கள் வீட்டு வெக்கை ஆகியவற்றுக்கு உறை தேவையா என்பதை அந்த இரண்டு ஜாடிகள் சொல்லிவிடும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால், பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு முட்டைக்கோஸ் வாங்குங்கள்.